அப்பாவின் கொழுவல்களும் என் மொழிபெயர்ப்பும்

எந்தக் கவுண்டரின் முன்னால் நின்றாலும், பள்ளிக்கூட அலுவலகத்துக் கம்பளத்தின் ஈரச் சப்பாத்து மணம் இன்றைக்கும் மூக்கில் ஏறுகிறது. ஊரை விட்டு வந்து மெரிலேண்ட்ஸில் நாங்கள் குடியிருந்த காலத்தில் அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் சண்டை, எங்கட பேச்சில் "கொழுவல்", நன்றாக வரும். பஸ்காரனோடு, கடைக்காரனோடு, கோயிலுக்குப் போனால் கார் நிறுத்துகிற இடத்தில் எங்கட ஆக்களோடு, யாரோடென்றாலும் சண்டைக்குக் "கொடுக்குக் கட்டிக்கொண்டு" நிற்பார்.

எங்களைப்போல வந்திறங்கிய வீடுகளில் பிள்ளைகள்தான் பெற்றவர்களுக்கு வாய். "இவனுக்கென்ன விசரோ, பைத்தியமோ எண்டு கேள்" என்பார் அப்பா; நான், அப்பா நன்றி சொல்கிறார் என்பேன். அங்கேயிருந்து வருவதையும் சீனி போட்டுத்தான் அவரிடம் கொடுப்பேன்.

இங்கிலீஷ்காரர் சண்டைக்காரனை நேரே சண்டைக்காரன் என்று சொல்லமாட்டார்கள். சிரித்த முகத்தோடு "சிப் ஆன் ஹிஸ் ஷோல்டர்" என்பார்கள், பழைய மனக்குறை ஒன்றைச் சுமந்துகொண்டு எல்லோரிலும் பாய்கிறவராம். "அப் இன் ஆர்ம்ஸ்" என்பார்கள், கொதித்துக்கொண்டு நிற்கிறவராம். கேட்டதையெல்லாம் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி, அப்பாவிடம் எதைச் சொல்லக்கூடாது என்று பாடமாக்கினேன். பள்ளிக்கூடப் பாடத்தை அப்படிப் படித்திருக்கலாம்.

பத்தாம் வகுப்பில் என்னைக் கணக்கில் கீழ்ப் பிரிவுக்கு மாற்றியதற்காக அப்பா மூன்று தரம் பள்ளிக்கூட அலுவலகத்துக்கு வந்து மேசையில் தட்டினார். மூன்றாம் தரம் துணை அதிபர் என்னைப் பார்த்து, உன் அப்பா "ஸ்பொய்லிங் ஃபார் எ ஃபைட்", சண்டைக்கென்றே அலைகிறார், இனி இப்படி வந்தால் பள்ளிக்கூட வளவுக்குள் விடமாட்டோம், அவரிடம் சொல்லு என்றார்.

"உங்களுக்கு என்ர படிப்பில நல்ல அக்கறையாம், அப்பா" என்றேன்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியே, பயந்திட்டாங்கள். வாற கிழமையும் வருவம்."

வந்தார். இந்த முறை மொழிபெயர்க்க ஒரு தமிழ் அன்ரியை அழைத்து வைத்திருந்தார்கள். அப்பா இனி வளவுக்குள் வரக்கூடாது என்ற தடைக் கடிதத்தை அவ ஒரு சொல் விடாமல் தமிழில் வாசித்தா. "போன கிழமையே மகளிட்டைச் சொன்னதாம்" என்பதையும் விடவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு அப்பா, "எனக்கு வாசல் இல்லாத இடத்தில உனக்கென்ன படிப்பு" என்றார். அந்த வருசத்தோடு என் படிப்பு நின்றது.

இப்போது மொழிபெயர்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போகத் தேவையில்லை, மொழிபெயர்ப்பாளர் போனில் வந்துவிடுகிறார். போன கிழமை நானும் கூடப் போயிருந்த ஆஸ்பத்திரியில் அப்பாவின் கண் ஒப்பரேஷனை மூன்றாம் தரமும் தள்ளிப்போட்டார்கள். போனில் இருந்தவர் ஒழுங்காகத்தான் சொன்னார். அப்பா கதிரையில் கையை மடியில் வைத்துக்கொண்டு, "ஓம், ஓம், பரவாயில்லை" என்றார்.

தேவையில்லாத இடமெல்லாம் பாய்ந்த மனிசன். "ஏனெண்டு கேளுங்கோவன், அப்பா."

"வேண்டாம் பிள்ளை, ஏன் கொழுவல்."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நானே கேட்கிறேன் என்று எழும்பிக் கவுண்டருக்குப் போனேன். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தா. எனக்கு வாயில் வந்தது, அப்பா நன்றி சொல்கிறார் என்பதுதான்.