நடுப்பக்கத்தில் நீட்டிய கை

பக்கம் வடிவமைக்கிற வேலையில் முக்கால்வாசி, அதில் எதையாவது சேர்க்க வருகிறவர்களிடமிருந்து பக்கத்தைக் காப்பாற்றுவதுதான். கல்யாணப் பத்திரிகையோ காதுகுத்து பேனரோ, ஒருமுறையாவது கணினி முன்னால் உட்கார்ந்து அடுத்தவருக்குச் செய்துகொடுத்திருந்தால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

மதுரையில் விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் படிப்பில் கடைசி வருடம். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதி, படம் எடுத்து, எதிரெதிரான இரண்டு பக்கங்களில் வடிவமைக்க வேண்டும் என்பது எங்கள் திட்டப்பணி. நன்றாக வருவது கல்லூரி மலரின் நடுப்பக்கத்துக்குப் போகும். மலருக்குள் வண்ணத்தில் அச்சாவது அது ஒன்றுதான். எனக்கு ஜோடி கார்த்திகா. பேச வேண்டியதெல்லாம் அவள் பொறுப்பு, மற்றதெல்லாம் என்னுடையது.

பவுடர்

வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரின் பெண்கள் கபடிக் குழுவைப் பற்றி எழுதுவதாக முடிவு செய்தோம். படம் எடுக்க வருகிறோம் என்று கார்த்திகா முன்பே போனில் சொல்லியிருந்தாள். போய் இறங்கினால், தேய்த்து மடிப்புக் கலையாத ஜெர்சி, முகம் நிறைய பவுடர், தலை நிறைய மல்லிகை என்று குழுவே வரிசையாக நிற்கிறது. "எடுங்கக்கா" என்றார்கள். விளையாடச் சொன்னால் ஒருத்தியும் அசையவில்லை. வேர்த்தால் பவுடர் போய்விடுமாம்.

கடைசியில் ஒருத்தி, எதிரணிக்குள் ரெய்டு போகிற சங்கீதாவைப் பார்த்து, "நேத்து எங்கிட்ட மாட்டி முழிச்சவதான நீயி? போட்டோவுக்கு மட்டும் வீராங்கனையாக்கும்" என்றாள். அவ்வளவுதான். சங்கீதா பூவைப் பிடுங்கிக் கார்த்திகா கையில் திணித்துவிட்டுக் கோட்டைத் தாண்டினாள். பிறகு எடுத்த படங்களில் ஒன்றைக் கேமராவில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடப்பக்கம் தரையோடு சாய்ந்த சங்கீதா. வலப்பக்கம் கைகோத்துப் பின்வாங்கும் மூன்று பேர். அவள் நீட்டிய விரலுக்கும் அவர்கள் முழங்காலுக்கும் நடுவில் வெறும் புழுதி. இரண்டு பக்கத்தையும் சேர்த்து இந்த ஒரே படம்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

கோயம்புத்தூரில் ஒரு போட்டிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், இதெல்லாம் ஒரு விளையாட்டா என்று அப்பா விட மாட்டேன் என்கிறார், மலரில் இது வந்தால் அதைக் காட்டித்தான் கேட்கப்போகிறேன் என்றாள் சங்கீதா. பிறகு முகத்து மண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "முந்தியே ‘மண்ணுல பெரண்டுட்டு வாங்க’ன்னு சொல்லிருந்தா ஒரு டப்பா பவுடர் மிச்சமாயிருக்கும்லக்கா?"

சும்மா கிடக்கிற இடம்

வண்ணம் எப்படி வருகிறது என்று பார்க்க, கோச்சடையில் ஒரு பிளக்ஸ் கடையில் மாதிரி எடுக்கப் போனேன். பென்டிரைவைக் கொடுத்துவிட்டு வண்டிக்குப் பெட்ரோல் போட்டு வருவதற்குள், கடைக்கார அண்ணன் அன்பு மிகுதியில் வேலையை ஆரம்பித்திருந்தார். நான்கு மூலையிலும் ரோஜா. சங்கீதாவின் தலைக்குப் பின்னால் மஞ்சள் ஒளிவட்டம். மேலே பாயும் சிறுத்தை. நான் உயிரைக் கொடுத்துக் காலியாக வைத்திருந்த அந்தப் புழுதியில், மற்றப் பெண்களின் முகங்கள் வட்டம் வட்டமாக!

"எடுத்துருங்கண்ணே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அவர் கோபப்படவில்லை, என்னை நினைத்துக் கவலைதான் பட்டார். பேனரில் தாய்மாமன் படம் விட்டுப்போனால் விசேஷ வீட்டில் பந்தி நின்றுபோகிற ஊர் இது. ஒவ்வொரு முகமாக அழித்தபடியே சொன்னார்: "இம்புட்டு எடம் சும்மா கெடந்தா, வேணும்னே யாரையோ விட்டுட்டாய்ங்கன்னு நாளைக்கு சண்டைக்கு வருவாய்ங்க பாப்பா."

வாழ்த்துரைகள்

எங்கள் பக்கங்கள்தான் நடுப்பக்கம் என்று துறைத்தலைவர் மேடம் அறிவித்தபோது கார்த்திகா மேசையைத் தட்டிக் கத்தினாள். நான் பாட்டில் தண்ணீரை முழுதும் குடித்தேன். ஆனால் அச்சகத்துக்கு அனுப்புகிற அன்று காலை, நிர்வாகக் குழுவிலிருந்து வாழ்த்துரைகள் வந்து சேர்ந்தன. எப்போதும் எல்லாருக்கும் சேர்த்து ஒரு பக்கம்தான். இந்த முறை ஒருவருக்கு முழுப்பக்கம் கொடுக்கப்போய், மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் கேட்டுவிட்டார்கள். முன்னால் நான்கு பக்கம் கூடியது. எங்கள் பக்கங்கள் பின்னால் தள்ளிப்போய், நடுவில் இல்லாமல் ஆகிவிட்டன.

"நடுவுலருந்து ரெண்டு பக்கம்தானம்மா தள்ளிருக்கு, அதனால என்ன?" என்றார் மேடம். வண்ணம் போய்விடும் என்பதல்ல பெரிய கவலை. எங்கள் மலர், தாள்களை அடுக்கி மடித்து நடுவில் ஸ்டேப்ளர் பின் அடிக்கிற புத்தகம். சரியாக நடுவில் மட்டும்தான் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே தாள். மற்ற இடங்களில் எதிரெதிராக இருப்பவை இரண்டு வேறு தாள்கள். படம் ஒட்டாது. இதையெல்லாம் வாயால் விளக்க எனக்கு வராது. கார்த்திகா வேறு அன்றைக்கு லீவு. மேடம் மேசையில் கிடந்த பழைய தாள்களை எடுத்து அடுக்கி மடித்தேன். நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி விரித்து, சங்கீதாவை இடப்பக்கத்திலும் அவள் கையை வலப்பக்கத்திலுமாகப் பேனாவால் கிறுக்கினேன். பிறகு வலப்பக்கத் தாளை மட்டும் மெல்ல உருவினேன். மேடம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்: "அய்யய்யோ, கை தனியா வந்துருச்சேம்மா!"

ஐயாவின் கவிதை

எங்களுக்கு முன்னால் இருப்பதில் இரண்டு பக்கத்தைப் பின்னால் கொண்டுபோனால் நாங்கள் மறுபடி நடுவுக்கு வந்துவிடுவோம். வாழ்த்துரைகளில் யாரும் கை வைக்க முடியாது. மிச்சமிருந்ததில் சரியாக இரண்டு பக்கம் வந்தது தமிழ்த்துறை ஐயாவின் நெடுங்கவிதை ஒன்றுதான். "நீயே போய்க் கேளு" என்றார் மேடம். ஆசிரியர் அறை வாசலில் நான் நின்ற கோலத்தைப் பார்த்து, லீவு லெட்டரில் கையெழுத்து வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்து ஐயா பேனாவை எடுத்தார்.

விஷயத்தைச் சொன்னதும் மூடியை மாட்டிவிட்டார். "பின்னால போட்டா யாரும்மா படிப்பா?" என்றார். மூன்று வருடமாக வகுப்பில் எல்லாரையும் வேடிக்கை பார்த்த அனுபவம் அன்றைக்குத்தான் உதவியது. "ஐயா, மலரைக் கையில வாங்குனதும் யாரும் முன்னாலருந்து பாக்குறதில்ல. வகுப்புப் போட்டோவுல தான் எப்படி இருக்கோம்னு பின்னாலருந்துதான் புரட்டுறாங்க" என்றேன். நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். ஐயா பேனா மூடியை மறுபடி கழற்றினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அப்ப நம்ம இறுதியாண்டுப் பிள்ளைக போட்டோவுக்குப் பக்கத்துலயே போட்ருவியாம்மா?"

அப்பாவின் கேள்வி

மலர் வந்தது. ஸ்டேப்ளர் பின்னுக்கு இந்தப் பக்கம் சங்கீதா, அந்தப் பக்கம் அவள் விரல்கள். நடுவில் ஒரு மயிரிழை கூட விலகவில்லை. நானும் கார்த்திகாவும் அச்சுமை வாசனையை மாறி மாறி முகர்ந்துகொண்டு வராந்தாவிலேயே குதித்தோம். ஒரு பிரதியை அன்றே வாடிப்பட்டி பஸ்ஸில் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

மறுநாள் திருநகரில் வீட்டில் இருந்தபோது சங்கீதா என்னைப் போனில் கூப்பிட்டாள். "அப்பா பாத்துட்டாருக்கா" என்றாள். திட்டினாரா என்றேன். "இல்லக்கா. தூக்கி வெளிச்சத்துல வச்சுப் பாக்குறாரு, கிட்ட வச்சுப் பாக்குறாரு. நான் மெதுவா, கோயம்புத்தூருக்குப் போகட்டாப்பான்னு கேட்டேன்." அதற்கு மேல் சிரிப்பில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. மூச்சு வாங்கி, அப்பா குரலிலேயே சொல்லிக் காட்டினாள்: "போறதுதான் போற, போயிட்டு வா. மொதல்ல இதச் சொல்லு, அந்தப் பிள்ளையத் தொட்டியா இல்லியா?"

படத்துக்கு நடுவே கொஞ்சம் புழுதியைக் காலியாக விட்டுவைக்க இத்தனை பேரிடம் வாயைத் திறக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்திருந்தால், நான் அன்றைக்கே பிளக்ஸ் கடை அண்ணனின் அந்தச் சிறுத்தையை இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன்.