சித்தப்பா இல்லாமல் ஜெயித்த ஆட்டம்

அந்த வருடம் இந்தியக் கால்பந்து அணி தோற்ற ஒவ்வொரு நாளும் எங்கள் வீட்டில் உலை வைக்க நேரமானது. சித்திக்குக் கை ஓடாது. அரிசியைக் களைந்த கையோடு அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டிருப்பாள். அம்மா வந்து பாத்திரத்தைப் பிடுங்கிக்கொள்வாள். ஊர் உலகமெல்லாம் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்த காலத்தில், நாகலூரில் காப்பித் தோட்டத்து நடுவே ஓர் ஓட்டு வீட்டில் நாலு பேர் கால்பந்துக்காகச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தோம் என்றால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். எங்களுக்கு அது குடும்ப விவகாரம்.

அப்பா அங்கே ஓர் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர். அவருடைய தம்பி, என் சித்தப்பா, பந்து விளையாடுவதற்கென்றே மூன்று வருடம் முன்பு கல்கத்தாவுக்குப் போனவர். அம்மாவின் தங்கை எங்களோடு இருந்தாள். இரண்டு பேருக்கும் கல்யாணம் என்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். அவர் எனக்குச் சித்தப்பா, இவள் சித்தி. கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளைக்கு முறைகூட மாற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். நான் அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன்.

தை மாதம் சித்தப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. இந்தியா டீமில் தன்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்றும், இந்த வருடத்து ஆட்டங்கள் முடிந்ததும் ஊருக்கு வந்து தாலி கட்டுவதாகவும் எழுதியிருந்தார். அப்பா அதை வீட்டில் இரண்டு தடவையும், ஆபீசில் ஒரு தடவையும், பஸ் நிற்கும் கடையில் ஒரு தடவையும் உரக்கப் படித்தார். அம்மாவுக்கு மட்டும் அவ்வளவு உற்சாகமில்லை. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் வீட்டில் சித்தியைக் கேட்டு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பந்து உதைக்கிறவனை நம்பி வயசுப் பெண்ணை எத்தனை நாளைக்கு வைத்திருப்பது என்று அம்மா, அப்பாவின் காதில் விழும்படி, பாத்திரங்களிடம் பேசுவாள். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். இந்த வருடத்து ஆட்டங்கள் முடிகிறவரை பார்ப்பது. அதற்குள் சித்தப்பா வராவிட்டால் ஆத்தூருக்குச் சரி சொல்லிவிடுவது. நான் முழுக்க முழுக்க சித்தியின் கட்சி. ஆத்தூர் என்று போர்டு போட்ட பஸ்ஸைக் கண்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நாகலூருக்குப் பேப்பர் மத்தியான பஸ்ஸில்தான் வரும். கண்டக்டர் படியில் நின்றபடியே கட்டைக் கடை வாசலில் வீசுவார். சித்தியும் நானும் போய் வாங்கி வருவோம். எல்லோரும் முதல் பக்கத்திலிருந்து படித்தால் சித்தி கடைசிப் பக்கத்திலிருந்து பிரிப்பாள். சித்தப்பாவின் பெயர் ஒரு நாளும் வந்ததில்லை. கோல் போட்டவன் பெயரைத்தான் அச்சில் போடுவார்கள், பின்னால் நின்று தடுக்கிறவனை எவன் எழுதுகிறான் என்று அப்பா விளக்கம் சொன்னார். எங்களுக்கு அது நியாயமாகவே பட்டது. எஸ்டேட்டிலும் காப்பி நல்ல விலைக்குப் போனால் பேர் வாங்குவது துரைதான், களை வெட்டியவர்கள் அல்ல.

ஆபீஸ் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. அன்றன்றைக்குப் பெய்த மழையை அளந்து இஞ்சிலும், இஞ்சில் நூறிலொரு பங்கான சென்ட்டிலும் அப்பா அதில் எழுதிவைப்பார். வேலைக்கு வருகிறவர்கள் எழுத்துத் தெரியாவிட்டாலும் அந்த எண்ணைப் பார்க்காமல் போகமாட்டார்கள். அந்த வருடம் மழைக்குக் கீழே டீமின் முடிவையும் எழுதத் தொடங்கினார். முதல் ஆட்டம், காப்பிச் செடி பூக்கிற மழை பெய்த சமயத்தில், சமமாக முடிந்தது. தோற்கவில்லையே என்று பாயசம் வைத்தோம். அடுத்தது தோல்வி. அதற்கடுத்ததும் தோல்வி. ஆடி மாதம் நாலு கோல் வாங்கித் தோற்றார்கள். பலகையில் சைபருக்குப் பக்கத்தில் நாலு என்று எழுதிவிட்டு அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, களை வெட்டுகிற பெரியம்மா ஒருவர் பலகையைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

“ஏனுங்க ரைட்டரய்யா, நாலு உழுந்துருக்குதுங்களே, நல்லதுதானுங்களே?”

நாலு இஞ்ச் மழை என்று நினைத்துவிட்டார். அந்த நாலும் அடுத்தவன் தோட்டத்தில் விழுந்தது என்று அப்பா சிரமப்பட்டு விளக்கினார். அதற்குப் பிறகு ஆட்கள் நம் டீம் போட்ட கோலைக் காட்டும் இடது பக்கத்து எண்ணை மட்டும் பார்த்து, உச்சுக் கொட்டிவிட்டு மலைக்கு ஏறினார்கள். நம் தம்பிக்கு இந்த வருடம் மழையே இல்லையே என்று அவர்களுக்கும் வருத்தம். சித்திதான் இளைத்துக்கொண்டே வந்தாள். புரட்டாசியில் இன்னொரு தோல்வி வந்தது. அம்மா ஆத்தூரிலிருந்து வந்த கடிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தாள். இனி ஓர் ஆட்டமோ இரண்டோதான் பாக்கி என்று அப்பா சொன்னார்.

ஐப்பசிக் கடைசியில், கரும்பலகையில் எழுதுவது எனக்குத் தெரியவில்லை என்று டீச்சர் சொல்லியனுப்பியதால், கண் பார்க்க அம்மா என்னைச் சேலத்துக்குக் கூட்டிப்போனாள். மலை இறங்கும் பஸ்ஸில் அம்மாவுக்குத் தலை சுற்றும். ஏற்காட்டைத் தாண்டியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, சேலம் வந்தால் எழுப்பு என்று படுத்துவிடுவாள். நான் ஜன்னல் ஓரம்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றது. கீழிருந்து வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதைச் சட்டம். பாக்சைட் ஏற்றப் போகிற காலி லாரி ஒன்று, செம்மண் அப்பிய உடம்போடு, முனகிக்கொண்டு ஏறிவந்தது. வளைவில் ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் எங்கள் பஸ்ஸை உரசுகிற மாதிரி வந்து நின்றது. என் ஜன்னலுக்கு நேராக அந்த லாரியின் டிரைவர் ஜன்னல். உள்ளே உட்கார்ந்திருந்தது சித்தப்பா.

அந்த டீம் அப்போது கடல் தாண்டி ஏதோ ஓர் அரபு நாட்டில் இருந்தது. நான் பள்ளிக்கூடத்து உலக வரைபடத்தில் அந்த ஊரை விரலால் தேடியிருந்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டியவர், காக்கிச் சட்டை போட்டு, புருவமெல்லாம் செம்மண்ணாக, எங்கள் மலையில் லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் ஓர் அக்கா இருந்தார். அவர் மடியில் ஒரு குழந்தை. அந்தக் குழந்தை எட்டிச் சித்தப்பாவின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. சித்தப்பா சிரித்தபடியே திரும்பியவர் என்னைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். டாட்டா காட்டுகிறார் என்று நினைத்து நானும் ஆட்டினேன். லாரி பின்வாங்கி, திரும்பி, ஏறிப் போய்விட்டது. அம்மா முந்தானைக்குள்ளிருந்து, சேலம் வந்துவிட்டதா என்று கேட்டாள்.

மிச்ச வளைவுகள் முழுவதும் அதையே யோசித்தேன். சித்தப்பா எப்படி இரண்டு இடத்தில் இருக்க முடியும்? அடிவாரம் வருவதற்குள் விடை கிடைத்துவிட்டது. எஸ்டேட்டில் பழம் பறித்து முடிந்ததும் ஆட்களை நிறுத்துவார்கள். அவர்கள் கீழே போய் வேறு வேலை செய்துவிட்டு அடுத்த பறிப்புக்குத் திரும்பி வருவார்கள். டீமிலும் அப்படித்தான். தொடர்ந்து தோற்றதால் ஆளைக் குறைத்திருப்பார்கள். சித்தப்பா அதுவரைக்கும் லாரி ஓட்டுகிறார். பக்கத்தில் இருந்த அக்கா மலைக்கு வர ஏறிக்கொண்டவராக இருக்கும். எங்கள் பக்கத்தில் லாரியில் யார் வேண்டுமானாலும் கைகாட்டி ஏறுவார்கள். இவ்வளவு சரியாக யோசித்ததில் எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. வேலை போய்விட்டது என்று தெரிந்தால் மறுநாளே ஆத்தூருக்குக் கடிதம் எழுதிவிடுவாள். சித்தியிடம் மட்டும், நல்ல நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நல்ல நேரம் மறுநாளே வந்தது. மத்தியான பஸ் வீசிய பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து பிரித்த சித்தி, நடுரோட்டில் நின்றாள். டீம் ஜெயித்திருந்தது. அந்த வருடத்தின் முதல் வெற்றி, முந்தின நாள் சாயங்காலம், அந்த அரபு நாட்டில். சித்தி அந்தப் பத்தியை இரண்டாம் தடவை படித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. என்னைத் தூக்கிச் சுற்றினாள். அதற்குமுன் அவள் அப்படிச் செய்ததே இல்லை. இறக்கிவிட்டதும் நான் சொன்னேன்.

“சித்தப்பா இல்லாமயே ஜெயிச்சுட்டாங்க பாருங்க சித்தி.”

அவளுக்கு விளங்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன், என் கண்டுபிடிப்பு உட்பட. சித்தப்பா சேலத்துப் பக்கமே வந்துவிட்டார், இனி கல்யாணத்துக்குக் கல்கத்தாவிலிருந்து வரவேண்டியதில்லை என்று முடித்தபோது, அவள் மறுபடியும் என்னைத் தூக்குவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் முகத்தருகே குனிந்தாள்.

“கண்ணு, உனக்குத்தான் தூரத்துல இருக்கறது தெரியாதே. வேற ஆரையாவது பாத்துருப்பே.”

“இல்லீங்க சித்தி, கிட்டத்துல. கைய நீட்டுனா தொட்டிருப்பேன்.”

பிறகு ஒன்றொன்றாகக் கேட்டாள். அந்த அக்கா எங்கே உட்கார்ந்திருந்தார்? குழந்தைக்கு என்ன வயசிருக்கும்? காதை இழுத்தபோது அவர் கோபப்படவில்லையா? நான் உற்சாகமாகப் பதில் சொன்னேன். குழந்தை ‘ப்பா, ப்பா’ என்று கத்தியதைக்கூட மறக்காமல் சொன்னேன், குழந்தைகள் எல்லாமே அப்படித்தானே கத்தும் என்று. சித்தி பேப்பரை நாலாக மடித்தாள். மடித்ததை மறுபடி மடித்தாள்.

அப்பா வெற்றியைப் பச்சைச் சாக்பீஸில் எழுதினார். அந்தப் பெரியம்மா மடி நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்து, தம்பி ஜெயிச்சுட்டாருங்களா சாமி என்று சித்தியின் கையில் கொட்டினார். சித்தி வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் அம்மாவும் அப்பாவும் அவளும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். அப்பா வெளியே வந்து, செருப்பில்லாமல் தோட்டத்துக்குள் போய்விட்டார். அம்மா வெளியே வந்து, சித்தி ஆத்தூருக்குச் சரி சொல்லிவிட்டாள் என்றாள். சந்தோஷப்பட வேண்டிய அம்மா ஏன் அழுதாள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. நான் திகைத்துப் போயிருந்தேன். வருடமெல்லாம் தோற்றபோது பொறுத்திருந்தவள், ஜெயித்த அன்றைக்கே கைவிடுகிறாள்! இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா?

கார்த்திகையிலேயே முகூர்த்தம். ஏற்காட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் கல்யாணம். அதுவரை நான் சித்தியோடு பேசவில்லை. அவள் சோறு போட்டால் தட்டைத் தள்ளிவைப்பேன். தலை பின்ன வந்தால் எழுந்து போய்விடுவேன். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்ததால் முறைப்பதற்கு வசதியாக இருந்தது. கல்யாணத்தன்று பூவைக் கொடுத்துவிட்டு வரச்சொல்லி அம்மா என்னை அவள் இருந்த அறைக்குள் தள்ளினாள். கூறைப்புடவையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்ததை அங்கே கேட்டுவிட்டேன்.

“தோத்த டீம்காரருன்னுதான அவர உட்டுட்டீங்க?”

சித்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“ஆமாங் கண்ணு. நொம்பத் தோத்துட்டாங்க. எனக்கு அவ்வளவு தாங்கலே.”

அவளே ஒத்துக்கொண்டாள் என்றதும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. பூவைக் கட்டில்மேல் எறிந்துவிட்டு வெளியே ஓடிவந்தேன். சித்தப்பா கல்கத்தாவில் தேர்வுக்குப் போனதும், தேறாததும், திரும்பிவந்து சேலத்தில் லாரி பழகி அங்கேயே குடும்பமானதும், வெட்கத்தில் கல்கத்தாவில் இருந்த சிநேகிதன் மூலமாகக் கடிதம் போட்டுக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரிய இன்னும் ஏழெட்டு வருடம் இருந்தது. அவருடைய கை அன்றைக்கு டாட்டா காட்டவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. சேதியைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தவள் நான்தான் என்பதைச் சித்தி என்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அன்றைக்கு நான் மண்டப வாசலில் நின்றுகொண்டு, சந்தனம் எடுக்கக் குனிந்தவர்களிடமெல்லாம், எங்கள் சித்தப்பா இந்தியா டீமில் இருக்கிறார், போன மாதம் அரபு நாட்டில் ஜெயித்தார்கள் என்று உரக்கச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் இன்னும் உரக்கச் சொன்னேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா என்னை இழுத்துப்போகக் கோபத்தோடு வந்தாள். மணையில் உட்கார்ந்திருந்த சித்தி அங்கிருந்தே அம்மாவைப் பார்த்து, வேண்டாம், அவள் சொல்லட்டும் என்பதுபோல் தலையசைத்தாள். அவளைத் தோற்கடித்துவிட்டேன் என்று நினைத்து நான் இன்னொரு தடவை சொன்னேன்.