பின்சுவரில் ஒரு ஜன்னல்

என் வீட்டுக்காரருக்கு எதையாவது பழுது பார்க்காமல் இருக்க முடியாது. கல்யாணமாகி நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே எனக்கு அது தெரிந்துவிட்டது. கதவுக் கீல் கிரீச்சிட்டால் அன்றைக்கே எண்ணெய் விடுவார். கூரைத் தகரத்தில் ஆணி கழன்ற இடத்தில் தார் வைப்பார். பக்கத்து வீட்டு அடுப்புத் திட்டு இடிந்தாலும் மண்ணைக் குழைத்துக்கொண்டு போய் நிற்பார். மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வருகிற மனுஷனுக்கு அலுப்பே இருக்காதா என்று நினைப்பேன். கேட்டால், "குடியிருக்கிற எடத்த நாம பாக்காம வேற யாரு பாப்பா?" என்பார்.

எங்கள் லயத்தில் எல்லாருக்கும் ஒரே நீளக் கூரை. அதன்கீழ் குடும்பத்துக்கு ஒரே அறையாக ஒரு காம்பரா. முன்பக்கம் ஒரு கதவு. ஆள் வருவதும் வெளிச்சம் வருவதும் காற்று வருவதும் அதன் வழியாகத்தான். பின்சுவர் முழுக்கக் கல். காம்பராக்களைப் பிரிக்கிற சுவர்கள் கூரைவரை போகாமல் பாதியில் நின்றுவிடும். அதனால் ஒரு வீட்டில் அடுப்பு மூட்டினால் எல்லா வீட்டிலும் கண் எரியும். ஈர விறகு எரிகிற மழைக்காலத்தில் உள்ளே உட்கார்ந்திருப்பவர் முகம்கூடத் தெரியாது.

மறுவருஷம் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். தவழ ஆரம்பிப்பதற்குள் அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குழி உள்ளே போய் வரும். அடுப்புப் புகை சூழ்ந்தால் உதடு கறுத்துப்போகும். தோட்டத்து மருந்து ஐயா நல்லவர். பிள்ளையின் முதுகில் காதை வைத்துக் கேட்டார்.

"மருந்து தர்றேன். ஆனா பொகைக்குள்ளயே புள்ளைய வச்சிருந்தா மருந்து என்னா செய்யும்? காத்து வேணும்."

அடுத்த நாள் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்து முடித்ததும், இவர் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவிடம் போனார். நாங்களெல்லாம் கூடையோடு நின்றுகொண்டிருந்தோம்.

"ஐயா, பின்செவுத்துல சின்னதா ஒரு ஜன்னல் வச்சிக்கிறேனுங்க. வேலையெல்லாம் நானே பாத்துக்கிறேன். புள்ளைக்கு மூச்சு முட்டுதுங்க."

"நீ ஒருத்தன் வச்சா நாளைக்கு லயம் பூரா கேக்கும். தொரை ஒத்துக்க மாட்டாரு. போ, மலைக்கு ஏறு."

ஐப்பசி வந்தது. தீபாவளிக்கு முன்னால் தோட்டத்தில் சுண்ணாம்பு கொடுப்பார்கள். லயம் முழுக்க வெள்ளையடிப்பு நடக்கும். பெண்கள் வாசலை மெழுகி, பாத்திரங்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து முறுக்கு பிழிவார்கள். அந்த வருஷம் எல்லாரும் சுண்ணாம்பு வாளியோடு வர, இவர் கடப்பாரையோடு வந்தார்.

நான் பயந்துபோனேன். "வேணாங்க. சொல்லிட்டாங்கல்ல."

"நீ புள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய நில்லு. தூசி விழும்."

ஒவ்வொரு கல்லாக நோகாமல் நெம்பி எடுத்தார். மாலைக்குள் பின்சுவரில் ஒரு முழ அகலத்துக்கு வானம் தெரிந்தது. தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து ஒரு கதவும் செய்து மாட்டினார். பலகையில் ஒட்டியிருந்த ஈயத்தாளை அப்படியே உள்பக்கமாக விட்டுவிட்டார். கதவைச் சாத்தினாலும் அது மின்னும். பிள்ளை அதைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

அந்தத் தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுவந்தவர்கள் எல்லாரும் எங்கள் பிள்ளையைப் பார்த்துவிட்டு ஜன்னலையும் பார்த்தார்கள். வெளியே பார்க்க என்ன இருக்கிறது? மழைத்தண்ணீர் ஓடுகிற ஒரு கான், அதற்கப்பால் தேயிலை, மேலே கொஞ்சம் சவுக்கு மரம். ஆனாலும் ஒவ்வொருத்தியும் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுப்பு மூட்டியபோது புகை தயங்கித் தயங்கி வெளியே போனதை நானே பார்த்தேன். அந்த நாட்களில் பிள்ளை இழுக்காமல் தூங்கினாள். அவளைத் தொட்டிலில் போட்டுவிட்டு நான் பயமில்லாமல் வேலை செய்த நாட்கள் அவ்வளவுதான்.

லீவு முடிந்ததும் தோட்டத்தை நடத்துகிற தொரை லயம் பார்க்க வந்தார். கண்டாக்கு ஐயா பின்னால் நின்றார். தொரைக்குத் தமிழ் வரும், எங்களை அதட்டுகிற அளவுக்கு.

"இது யார் வீடு?" என்றார்.

எந்தக் குடும்பம் என்று கேட்கிறார் என்றுதான் இவர் நினைத்தார். முன்னால் வந்து, "எங்க வீடுதாங்க" என்றார்.

"உன் வீடு இல்லை. தோட்டத்து வீடு."

இவர் "நான் இந்தக் காம்பராவுலதாங்க பொறந்தேன்" என்றார். தொரை கண்டாக்கு ஐயாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டார்.

உத்தரவு என்னவென்று மாலையில் தெரிந்தது. ஜன்னலை அடைக்க வேண்டும். கொத்தனார் வரமாட்டார், உடைத்தவனேதான் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் வேலை இல்லை, காம்பராவும் இல்லை. சங்கத்துத் தலைவரிடம் போய்ச் சொன்னோம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "இதுக்கெல்லாம் ஸ்ட்ரைக் பண்ண முடியாதுப்பா. அடச்சிரு. வேற தோட்டத்துக்குப் போனாலும் ஒன்னைய எடுக்க மாட்டாங்க" என்றார். அது உண்மை. தோட்டத்தை விட்டால் எங்களுக்கு இந்த நாட்டில் கால் வைக்க ஒரு சாண் இடம் கிடையாது. நாடு சுதந்திரம் வாங்கியதற்கு டவுனில் கொடி கட்டினார்கள். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் நாங்கள் இந்த நாட்டு ஆட்கள் இல்லை என்று சொல்லி, எங்கள் ஓட்டையும் பறித்துவிட்டார்கள்.

கண்டாக்கு ஐயா பார்த்துக்கொண்டிருக்க, இவர் அந்தக் கற்களையே எடுத்துச் சேறு வைத்து அடைத்தார். இவர் வேலை எப்போதும் சுத்தமாக இருக்கும். அதையும் சுத்தமாகத்தான் செய்தார். முடித்துவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தார்.

"ஓட்டு போனப்பகூட எனக்கு இப்படி வலிக்கல புள்ள" என்றார். "ஓட்டு நான் ஒரே தடவ போட்டது. இந்தச் செவுரு தெனம் பாக்குறது."

மழை பிடித்ததும் பிள்ளைக்கு இழுப்பு திரும்ப வந்தது. முன்னைவிட மோசமாக வந்தது. ஒரு தடவை அவள் மூச்சே நின்றுபோய், நான் அலறின அலறலில் லயமே கூடிவிட்டது. அப்போதுதான் என் அக்கா வந்தாள். அக்காவின் புருஷன் வலப்பனைக் கடைத்தெருவில் தையல்காரர். சின்ன வீடுதான், ஆனால் சமைக்கிற குசினி தனியாக முற்றத்தில் இருக்கும். மழையும் எங்கள் பக்கத்தைப்போல இல்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

"கொஞ்ச நாளைக்கு என்கிட்ட இருக்கட்டும். தேறினதும் கொண்டுவந்து விடுறேன்" என்றாள் அக்கா. நான் பிள்ளையின் துணிகளை மடித்துக் கொடுத்தேன். இவர் தொட்டில் சேலையை அவிழ்த்து, அதையும் மடித்து மேலே வைத்தார்.

அங்கே போனதும் தேறினாள். கன்னத்தில் சதை வைத்தது, ஓடினாள், பேசினாள். திரும்பக் கூட்டி வரலாம் என்று ஒருமுறை கொண்டுவந்தோம். லயத்துக்கு வந்து இரண்டாம் நாளே இழுக்கத் தொடங்கியது. அப்படியே திருப்பி அனுப்பினோம்.

அதற்குப் பிறகு தீபாவளி என்றால் எங்களுக்கு வலப்பனைப் பயணம்தான். ஹட்டனில் பஸ் ஏறி, நுவரெலியாவில் மாறி, மடியில் பலகாரத் தூக்கோடு போவோம். அக்கா புருஷன் தைத்த புதுச்சட்டையோடு அவள் வாசலில் நிற்பாள். ஒரு தீபாவளிக்கு நான் கையை நீட்டியபோது அவள் அக்காவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, சின்னம்மா வந்திருக்காங்க" என்றாள்.

அக்கா பதறிப்போய், "நான் பெரியம்மாடி. இவதான் அம்மா" என்றாள். பிள்ளை சிரித்தாள். யாரோ விளையாட்டுக்குச் சொல்வதுபோல இருந்திருக்கும். நானே, "விடுக்கா. சின்னப் புள்ள" என்றேன். பஸ்ஸில் திரும்பும்போது ராகலை தாண்டுவதற்குள் என் முந்தானை நனைந்துவிட்டது.

ஜன்னலை அடைத்த நாளிலிருந்து இவர் வீட்டில் எதையும் தொடவில்லை. கீல் கத்தினால் கத்தட்டும். கூரை ஒழுகினால் கீழே சட்டியை வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். சொன்னால், "தோட்டத்து வீடு. தோட்டம் பாக்கட்டும்" என்பார். அந்தக் குரலில் கோபம்கூட இருக்காது. சண்டை போட்டிருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, ஒரு தீபாவளிக்கு அக்கா அவளை எங்களிடம் கூட்டி வருவதாகச் சொல்லி அனுப்பினாள். ஒரு பகல் மட்டும். முந்தின நாள் நானே ஏணியைச் சாத்தி, தார் டப்பாவை எடுத்துக்கொண்டு கூரையில் ஏறினேன். பொம்பளை கூரையில் ஏறுகிறாள் என்று லயத்தில் வேடிக்கை பார்த்தார்கள். ஒழுகுகிற இடம் எனக்கு மனப்பாடம். தகரம் சறுக்கியது. கீழே பார்த்தால் இவர் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"அந்தப் பக்கம் கால வைக்காத, சட்டம் உளுத்திருக்கு" என்றார்.

மறுநாள் வெயில்தான் அடித்தது. பிள்ளை வந்தாள். அன்றைக்கு நான் உள்ளே அடுப்பே மூட்டவில்லை. இஸ்தோப்பில் உட்கார்ந்து முறுக்குத் தின்றாள், வாய்ப்பாடு சொன்னாள், இவருடைய பெரிய கையை விரித்துப் பிடித்துத் தழும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, "இது எப்பிடி வந்துச்சு சித்தப்பா?" என்று கேட்டாள். இவரும் ஒவ்வொன்றுக்கும் கதை சொன்னார். புறப்படும்போது காலில் விழுந்து கும்பிட்டாள். "போயிட்டு வர்றேன் சின்னம்மா."

இவர் பஸ்வரை போய்விட்டுத் திரும்பினார்.

"ஏத்தி விட்டீங்களா?"

"ம்."

"கை காட்டுனாளா?"

"இல்ல. ஏறின ஒடனே அக்கா மடியில தூங்கிட்டா."

"மூச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்றார்.

அவளை இனித் திரும்பக் கேட்பதில்லை என்று நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.