மார்சோவின் வார்த்தையும் பதினேழாம் தோட்டமும்

ரெமோந்தைப் பற்றி எங்கள் வால்மரியில் வாய் ஓயாமல் பேசுகிறவர்களில் பாதிப் பேர் பொய் பேசுகிறார்கள். தோட்டக்காரர்களின் கழுத்தை அறுத்தவள் அவள்தானாம். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. நடந்ததை முழுசாகப் பார்த்தவன் நான். என் பெயர் எதியேன், குழாய் வேலை செய்கிறேன். இருபத்தாறு வருடம் அவள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் என்னுடையது.

இருபத்திரண்டு வயதில் ரெமோந்த் ரயில்வே கேட் கீப்பர் ஆனாள். பாரிஸுக்குப் போகும் அந்தப் பழைய பாதை எங்கள் ஊரின் முதுகுப் பக்கமாக, ஆற்றை ஒட்டிப் போனது. கேட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு அறை வீடு. ஒவ்வொரு ரயிலுக்கும் முன்னால் ஸ்டேஷனிலிருந்து போன் வரும். "நாப்பத்தொண்ணு, பாரிஸ் பக்கம், ஏழு பத்து." அவள் அதை ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். மறுமுனை "சரி" என்றால் முடிந்தது. அதற்கப்புறம் அந்த வார்த்தையை யாரும் சந்தேகிக்கக் கூடாது. சந்தேகித்துக்கொண்டு நின்றால் கேட்டில் ஆள் சாவான்.

பத்தொன்பது வருடம் அந்த மறுமுனையில் இருந்தவன் மார்சோ. ஒரு தடவைகூட அவன் தப்பாகச் சொன்னதில்லை. அந்தப் பெருமையை நான் அவனிடமிருந்து பிடுங்க மாட்டேன்.

ஒரு முறை மேயர் வீட்டுக் கல்யாணக் கார் கேட்டில் மாட்டிக்கொண்டது. ரயில் ஒன்று போய்விட்டது, கேட் திறக்கவில்லை. மேயரே இறங்கி வந்து கத்தினார்.

"அதான் போயிடுச்சே! திறம்மா!"

"இன்னொண்ணு வருது."

"எங்கே வருது? எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

"மார்சோ சொல்லியிருக்கான். ரயிலுக்கு உங்க பொண்ணு கல்யாணம்னு தெரியாது, மெஸ்யே."

இரண்டு நிமிடத்தில் ஒரு சரக்கு ரயில் தடதடவென்று போனது. மேயர் வாயை மூடிக்கொண்டு காரில் ஏறினார். ரெமோந்த் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ஒரு நாளைக்கு நாப்பது ரயிலு. இதுல புருஷன் வேறயா?" என்பாள்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயதானபோது ரயிலை நிறுத்தினார்கள். கேட் வீட்டை இடித்துவிட்டு, மூன்றாம் மாடியில் ஒரு ஃப்ளாட் கொடுத்தார்கள். அங்கே அவள் தூங்க மட்டும்தான் போவாள். காலை எட்டு மணிக்கெல்லாம் பதினேழாம் தோட்டத்தில் இருப்பாள்.

தண்டவாளச் சரிவில் ரயில்வேக்காரர்களுக்கென்று விட்ட தோட்டங்கள் மொத்தம் முப்பத்தொன்று. என் மாமனார் ரயில்வேயில் இருந்தவர், அவர் வழியில் எனக்கும் ஒன்று. ரெமோந்த் லீக் கீரை, கேரட், மூன்று வரிசை சிவப்பு பீன்ஸ் போடுவாள். மாலையில் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கு அரை டம்ளர் ஒயின் குடிப்போம். "உன் தக்காளியப் பார்த்தா ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற மாதிரி இருக்கு" என்று என்னைக் கிண்டல் பண்ணாமல் ஒரு நாளும் போகாது. ஒருநாள் மட்டும் கிண்டல் இல்லாமல் சொன்னாள்: "அந்த ஃப்ளாட்டுல எனக்கு மூச்சு முட்டுது எதியேன். இது இல்லேன்னா நான் எங்க போவேன்?"

அப்போதுதான் பழைய பாதையில் டிராம் வரப்போகிறது என்ற செய்தி வந்தது. சரிவை வெட்டி, சுவர் எழுப்பி, எங்கள் தோட்டம் இருந்த இடத்தில் ஒரு நிறுத்தம் கட்டுவார்களாம். பதிலுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிலம் தருவார்களாம். எத்தனை பேருக்கு, யாருக்கு என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவன் ஒருவன்தான். தோட்டச் சங்கத் தலைவர் என்ற முறையில் செப்டம்பர் மாதமே கூட்டத்துக்குப் போய் எல்லாவற்றையும் கேட்டு வந்த மார்சோ.

பிப்ரவரியில் அவன் ரெமோந்திடம் வந்தான். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், சங்கத்து அறிவிப்பெல்லாம் எப்போதும் அவள்தான் எழுதுவாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து பூண்டு சாஸேஜ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ரெமோந்த், எழுதிக்கோ. இந்த வருஷம் யாரும் கொத்தக் கூடாது. அளக்கிறவங்க வர்றாங்க, நிலம் வெறுமனே கிடக்கணும்."

"ஒரு பருவம் தரிசாப் போட்டா தோட்டம் போயிடும்னு விதி இருக்கே?"

"இந்த வருஷம் அது செல்லாது. அவங்களே சொல்லிட்டாங்க."

ரெமோந்த் பேனாவைக் கீழே வைத்தாள். பழைய பழக்கம் போகுமா? "இந்த வருஷம் யாரும் கொத்தக் கூடாது. தரிசு விதி செல்லாது" என்று நிறுத்தி நிதானமாகத் திருப்பிச் சொன்னாள்.

"சரி" என்றான் மார்சோ.

அவ்வளவுதான். அவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அழகாக எழுதிப் பலகையில் ஒட்டினாள். அந்த வசந்தத்தில் முப்பது வருடத்தில் முதல் தடவையாக மண்வெட்டியைத் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். புல் முளைக்க முளைக்க அவளுக்குக் கை துறுதுறுத்தது. "மார்சோ சொல்லியிருக்கான்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள்.

நான் கொத்தினேன். புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை. நான் ரயில்வேக்காரன் இல்லை, பலகையில் எதை ஒட்டினாலும் எனக்கு அலட்சியம். உருளைக்கிழங்கு விதை வாங்கி வைத்திருந்தேன், அது அழுகிவிடும் என்று போட்டுவிட்டேன். "உனக்கு எழுதப் படிக்கத் தெரியாதா?" என்று ரெமோந்த் திட்டினாள்.

மே மாதம் கோப்போடு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். நிலத்தை அளக்கவே இல்லை. தோட்டம் தோட்டமாகப் பார்த்து, பயிர் நிற்கிறதா என்று மட்டும் குறித்துக்கொண்டார்கள். பயிர் நின்றவை பன்னிரண்டு. ஒன்று என்னுடையது. மிச்சம் பதினொன்றிலும் முழங்கால் உயரத்துக்குப் பூண்டு நின்றது. பூண்டை அக்டோபரில் ஊன்ற வேண்டும், தோட்டம் வைத்த எவனுக்கும் இது தெரியும். அந்தப் பதினொன்றும் மார்சோவும் அவனோடு சீட்டாடுகிறவர்களும் வைத்திருந்தவை. அறிவிப்பு வருவதற்கு நாலு மாதம் முன்னாலேயே ஊன்றிவிட்டு, கொத்தவே இல்லையே என்று சத்தியம் செய்யலாம் பாருங்கள்! அடப்பாவிகளா.

மாற்று நிலம் பன்னிரண்டு பேருக்குத்தான் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மற்றவர்களுடையது கைவிடப்பட்ட தோட்டம் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

தோட்டம் போன பத்தொன்பது பேரில் ரெமோந்தும் ஒருத்தி. ஆனால் மற்றப் பதினெட்டுப் பேரும் மார்சோ வீட்டுக் கதவைத் தட்டவில்லை. அவர்கள் கண்ணில் பட்டது பலகைதான். அதில் இருந்தது ரெமோந்தின் கையெழுத்து. அவள் ரொட்டி வாங்கப் போன இடத்தில் லிசெத் கிழவி எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "என்ன அம்மணி, எங்க வாயில மண்ணைப் போட உனக்கு என்ன கொடுத்தாங்க?" ரெமோந்த் ரொட்டியை வாங்காமலே திரும்பி வந்தாள்.

சங்கத்தின் பொதுக்கூட்டம் ஜூனில் நடந்தது. தோட்டம் இல்லாதவர்களுக்கு ஓட்டு கிடையாது. ரெமோந்த் வந்தாள், நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மார்சோவைத் திரும்பத் தலைவராக்குவது பற்றிப் பேச்சு வந்ததும் எழுந்தாள்.

"ஒரே ஒரு கேள்வி, மார்சோ. நான் திருப்பிச் சொன்னேன், நீ சரின்னு சொன்ன. உனக்கு செப்டம்பர்லயே தெரியுமா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. "இங்க பாரு ரெமோந்த், பன்னெண்டு இடம்தான். இவங்களுக்கெல்லாம் பிள்ளை, பேரப்பிள்ளை இருக்கு. தனி மனுஷிக்கு எதுக்கு அவ்வளவு நிலம்? உனக்குத்தான் பால்கனி இருக்கே."

"நீ சொல்லித்தான் நான் எழுதினேன்னு இவங்ககிட்டயாவது சொல்லு. அது போதும் எனக்கு."

"நான் அளக்க வர்றாங்கன்னுதான் சொன்னேன். மத்தது எனக்கு ஞாபகமில்ல."

ஞாபகமில்லையாம்! பத்தொன்பது வருடம் ரயில் நேரத்தை மூச்சு விடாமல் ஒப்பித்தவனுக்கு ஞாபகமில்லையாம்! அன்றைக்கு அங்கே இருந்த ஒரே சாட்சி நான்தான். ரெமோந்த் என் பக்கம் திரும்பினாள். எல்லோரும் திரும்பினார்கள்.

என் பன்னிரண்டாவது இடத்துக்கு இன்னும் கையெழுத்தாகவில்லை. அந்தக் காகிதம் மார்சோவின் மேஜை மேல் இருந்தது. நான் என் தொப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஓட்டெடுத்தார்கள். பதினொரு கைகள் உயர்ந்தன. என் கை உயரவில்லை, ஆனால் வாயும் திறக்கவில்லை.

டிராம் அடுத்த வருடம் ஓட ஆரம்பித்தது. நல்ல வண்டி, சத்தமே இல்லை, பத்து நிமிடத்துக்கு ஒன்று. என் புதுத் தோட்டம் சுவருக்குப் பின்னால் இருக்கிறது, மண்ணும் மோசமில்லை. முதல் உருளைக்கிழங்கு வந்ததும் ஒரு கூடை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனேன். பாதித் தோட்டத்தை நீ எடுத்துக்கோ, எனக்கு இவ்வளவு வேண்டாம் என்றேன். ஊரெல்லாம் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

ரெமோந்த் கதவைப் பாதிதான் திறந்திருந்தாள். கோபமாகக்கூட இல்லை.

"மார்சோ எதுக்குச் செஞ்சான்னு எனக்குப் புரியுது" என்றாள். "அவனுக்குத் தோட்டம் வேணும், செஞ்சான். நீ வாயத் திறக்காம உட்கார்ந்திருந்தியே, அதுதான் எனக்கு இன்னும் புரியல. கூடையை எடுத்துட்டுப் போ, எதியேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கூடையோடு மூன்று மாடி இறங்கி வந்தேன்.