வயலினுக்கு நெற்றி எங்கே?

ஆவடி வழியாகப் போகும் மின்சார ரயிலில் உட்கார்ந்திருப்பவர்கள், நிற்பவர்களின் பையைக் கேட்காமலே வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார்கள். மலேசியாவின் ஈப்போவிலிருந்து இங்கே படிக்க வந்த முதல் வாரம், ஓர் அக்கா என் வயலின் பெட்டியைப் பிடித்து இழுத்தார். திருட்டு என்று நினைத்து நானும் பிடித்து இழுத்தேன், கத்தியும்விட்டேன். "இன்னாம்மா, மடில வெச்சிக்கிறேன், நீ கம்பிய புட்ச்சிக்கோ" என்றார் அவர், என்னைவிட அதிர்ந்துபோய். படிப்பு முடிந்து, அம்பத்தூரில் வேலை கிடைத்து, இங்கேயே தங்கிவிட்டேன். இப்போதெல்லாம் நானே பக்கத்து மடியில் பெட்டியை வைத்துவிடுகிறேன். போன சனிக்கிழமை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. உள்ளே என் புது எலெக்ட்ரிக் வயலின் இருந்தது. நான் குடியிருக்கும் நெமிலிச்சேரி வரைக்கும் அதைக் கட்டிப்பிடித்தபடியே நின்று வந்தேன். இறங்கும்போது பார்த்தால், நாலு பேர் நகர்ந்து எனக்கு இடம் விட்டிருந்தார்கள். நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தது காரணமாக இருக்கலாம்.

ஈப்போ பள்ளிக்கூட இசைக்குழுவில் நாங்கள் முப்பது வயலின்கள். நான் நடுவில் வாசிக்காமல் வில்லை மட்டும் ஆட்டினாலும் ஒருவருக்கும் தெரியாது, ஆட்டியும் இருக்கிறேன். இங்கே சேகர் அண்ணன் குழுவில் ஒரே ஒரு வயலின், அது நான். வாரமெல்லாம் லேத் ஓட்டுகிற சேகர் அண்ணன், ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஜிகினா சட்டை போட்டுக்கொண்டு மெல்லிசைக் குழு நடத்துகிறார். என் பெயர் அவர்கள் யாருக்கும் நினைவில்லை. எல்லாருக்கும் நான் 'மலேசியா'. இந்த ஊரில் நான் வரவில்லையென்றால் போன் பண்ணித் தேடுகிற ஒரே கூட்டம் அதுதான். சிக்கல் என்னவென்றால், என் மர வயலினில் மைக்கை மாட்டி ட்ரம்ஸ் பக்கத்தில் நின்றால் ஸ்பீக்கர் ஊளையிடும். இரண்டு நிகழ்ச்சி பொறுத்துப் பார்த்துவிட்டு அண்ணன் சொன்னார்: "ஞாயித்துக்கெழம வெள்ளானூர்ல காதுகுத்து. எலெக்ட்ரிக் இருந்தா எடுத்துகினு வா. இல்லாங்காட்டி வயலின் பிட்ட கீபோர்டுலயே போட்டுக்கறோம். கோச்சிக்காத மலேசியா."

கோபித்துக்கொள்ளவில்லை. ஓடினேன். கீபோர்டு வாசிக்கிற யாசீன் துணைக்கு வந்தான். பூந்தமல்லிக்காரன். நான் வாங்காவிட்டால் என் பகுதியும் அவனுக்குத்தான் வரும், ஆனாலும் வந்தான். அம்பத்தூர்க் கடைக்காரர் மூன்று வயலின்களை எடுத்து வைத்துவிட்டு, தரையில் பாய் விரித்து, "உக்காரும்மா" என்றார். "பரவாயில்ல அண்ணே, எனக்குக் கால் வலிக்கல" என்றேன். அவர் யாசீனைப் பார்த்தார். "இன்னாப்பா இது, நின்னுகினு வாசிக்கிறேன்னுது?" இங்கே சம்மணமிட்டு, வயலின் தலையைக் கால்மேல் சாய்த்து வாசிப்பார்கள். எனக்கோ நின்றால்தான் விரல் வேலை செய்யும்.

முதலாவது நீலம், S எழுத்து மாதிரி வளைந்தது. பார்த்ததும் காதல். ஆனால் பாதி உடம்பே இல்லாததால் தோள்தாங்கி மாட்ட இடமில்லை. இரண்டாவது கறுப்பு, தூக்கினால் காற்று. "வாசிக்காத. சவுண்ட ஏத்திட்டு சும்மா நில்லு. வாசிக்காதப்போ இன்னா பேசுதுன்னு கேளு" என்றான் யாசீன். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்றது. மூன்றாவது செம்பழுப்பு. தோளில் உட்கார்ந்தது, சும்மா இருக்கும்போது சும்மா இருந்தது. வில்லை ஒரே ஓர் இழுப்பு இழுத்தேன். கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "இதான் மாமே!" என்று யாசீன் என் முதுகில் ஒன்று வைத்தான். விலையை அம்மாவிடம் பாதியாகச் சொன்னேன்.

ஈப்போவிலிருந்து அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, "என்னா லா இது, எலும்புக்கூடு மாதிரி?" என்றார், பேச்சுக்குப் பேச்சு வரும் எங்கள் ஊர் 'லா'வோடு. அடுத்த கேள்வி: "பொட்டு வெச்சிட்டியா? அப்பா புது காடி வாங்கினப்போ டயருக்கெல்லாம் எலுமிச்சம்பழம் வைக்கல? நெத்தியில வை லா." எலும்புக்கூட்டுக்கு நெற்றி எது? தேடினேன். தட்டையான இடம் ஒன்றுதான் இருந்தது, ஸ்பீக்கர் ஒயர் சொருகும் துளைக்குச் சற்று மேலே. அங்கே சந்தனம் குழைத்து வைத்து, குங்குமமும் வைத்து, வயலினைப் பெட்டியில் போட்டுச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தேன். சந்தனத்தில் தண்ணீர் கூடிப்போனது எனக்குத் தெரியாது.

வெள்ளானூரில் பந்தல் நிறையக் கூட்டம். ஒயரைச் சொருகி வில்லை இழுத்தேன். ஒன்றுமில்லை. இன்னும் அழுத்தி இழுத்தேன். கொசு ரீங்காரம். சேகர் அண்ணன் என்னைப் பார்க்காமல், "யாசீனு, நீயே போட்டுக்கோடா" என்றார். யாசீன் எழுந்து வந்து, துளைக்குள் செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு மேடையிலேயே உட்கார்ந்து சிரித்தான். "அண்ணாத்தே, சாக்கெட்டுக்கு சந்தனம் பூசிக்கீது!"

"நாங்க வண்டிக்கி வெச்சாக்கூட சாவி ஓட்டைய உட்டுட்டுதான் வெப்போம்" என்றார் அண்ணன். அதற்குள் யாசீன் என்னை இழுத்துக்கொண்டு ஓடினான், காது குத்த வந்த ஆசாரியிடம். அவரிடம்தான் பஞ்சும் ஸ்பிரிட்டும் இருந்தன. குழந்தைக்கு இரண்டு காதையும் குத்தி முடித்து நிமிர்ந்தவர், வயலினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது மூணாவது காதா?" குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, குழந்தைக்குச் செய்த அதே பக்குவத்தோடு துடைத்துவிட்டார். பஞ்சு மஞ்சளாக வந்தது. ஸ்பிரிட் காய்ந்ததும் ஒயரைச் சொருகி, கண்ணை மூடி இழுத்தேன். பந்தல் முழுக்க நான்! வீறிட்டு அழுதுகொண்டிருந்த குழந்தை, தன்னைவிடச் சத்தமாக அழுவது யார் என்று திரும்பிப் பார்த்தது. நாலு பாட்டு முடிந்து சாப்பிட உட்கார்ந்ததும் சேகர் அண்ணன் என் இலையில் இன்னொரு வடை வைக்கச் சொன்னார். "அடுத்த வாரம் பட்டாபிராம்ல கல்யாணம். பொட்டு வேணாம், நீ மட்டும் வா."

மறுநாள் காலை அம்மா வாசித்துக் காட்டச் சொன்னார். என்னிடம் ஸ்பீக்கர் இல்லை, இயர்போன் மட்டும்தான். "வில்லு ஆடுது, சத்தத்தக் காணோமே லா" என்றார். இயர்போனை வயலினில் சொருகி, ஒரு குமிழை என் காதில் வைத்துக்கொண்டு, மறு குமிழைப் போனின் மைக்கில் டேப் போட்டு ஒட்டினேன். ஒயர் குட்டை. பின்னால் போனால் ஈப்போ பிய்ந்துகொள்கிறது. முன்னால் போனால் வில் போனில் இடிக்கிறது. எங்கே நிற்பது என்று தெரியாமல் ஆடிக்கொண்டே வாசித்தேன்.

"கேக்குது லா!" என்று கத்தினார் அம்மா. "நகராத. அங்கயே நில்லு."

நின்றேன்.