பலகைக்குப் பின்னால் பத்துக் கோடு

பெயர்ப் பலகை எழுதுகிறவனுக்கு முதுகுதான் முகம். ஏணியில் ஏறிச் சுவரைப் பார்த்து நின்றால், தெருவில் போகிறவர்கள் ஸலாம் சொல்வதும் முதுகுக்குத்தான், குறை சொல்வதும் முதுகுக்குத்தான். ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்கக் கூச்சப்படும் எனக்கு இதைவிடத் தோதான தொழில் கிடையாது. முன்பு சாய்ந்தமருதுக் கரையில் தோணிகளுக்கு இலக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். சூறாவளி வந்து தோணிகளைக் கொண்டுபோனது. கல்முனைக் கடைத்தெருவில் ஒரு பலகை மிச்சமில்லாமல் கழற்றியும் போட்டது. என் பிழைப்பு கரையிலிருந்து ரவுணுக்கு வந்தது இப்படித்தான். பதினொரு வருஷத்தில் எழுதியவை நானூற்றுப் பன்னிரண்டு பலகைகள்.

நான் படித்தது ஆறாம் வகுப்பு வரைதான். எனக்குத் தெரிந்த இங்கிலிஷ் முழுவதும் பெயின்ற் டின்னில் அச்சடித்திருந்தது. ஆனாலும் நான் எழுதியவற்றில் பாதிக்கு மேல் இங்கிலிஷ் சொற்கள், தமிழ் எழுத்தில். அந்தச் சொற்களாலேயே ஒருமுறை தோணிக்கரைக்கே திரும்பிப் போக இருந்தேன். ஊரெல்லாம் சொல்கிற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, "அது அப்படியில்லை" என்று யாரிடமாவது வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களில் இருந்தால், நீங்களும் என் இனம்தான், கேளுங்கள்.

ஆண்கள் வராத கிளினிக்

வெளியூர் டொக்டர் ஒருவர் கடைத்தெருவில் அறை எடுத்து, "கிளினிக்" என்று எழுதச் சொன்னார். எழுதினேன். நீல நிறம், ஒன்பது அங்குல எழுத்து. முதல் கிழமை வந்தவர்கள் இருபத்து மூன்று பேர். எதிர்க்கடையில் ஏணி போட்டிருந்ததால் எண்ண முடிந்தது. இருபத்து மூவரும் பிள்ளைத்தாய்ச்சிகள், அல்லது கைக்குழந்தைக்காரிகள். எல்லார் கையிலும் ஆஸ்பத்திரியில் எடை எழுதிக் கொடுத்த காட். டொக்டர் படித்த இடத்தில் கிளினிக் என்றால் எந்த நோயாளியும் போகலாம். எங்கள் பக்கத்தில் அது பிள்ளைத்தாய்ச்சிகளை நிறுத்துப் பார்த்து, குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள்.

எழுத்தில் ஏதும் பிழையோ என்று டொக்டர் என்னைக் கேட்டார். எழுத்தில் பிழையில்லை, டொக்டரிடம் மருந்தெடுக்கிற இடத்துக்கு ஊரில் சொல்வதுபோல் டிஸ்பென்சரி என்று மாற்றுவோம் என்றேன். அது மருந்து கலந்து கொடுக்கிற இடம், நான் என்ன கம்பவுண்டரா என்று முகம் சிவந்தார். இரண்டாம் கிழமையும் பெண்களே வந்தபின் இணங்கினார். புதுப் பலகை ஏறிய மறுநாள் காலையில் வாசல் வாங்கில் வரிசையாகப் பதினொரு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலாவது ஆள் நற்பிட்டிமுனை விவசாயி, ஒன்பது நாள் காய்ச்சல். இவ்வளவு நாளும் ஏன் வரவில்லை என்று டொக்டர் ஏசினார். அவர் போர்வைக்குள்ளிருந்து சொன்னார்: "கிளினிக்குக்குள்ள ஆம்பிள எப்பிடி டொக்டர் வாற? பொண்டுகள் சிரிப்பாளுகள்."

முதுகால் கேட்பது

அதற்குப் பிறகு எனக்கு ஒரு முறை வந்தது. சொல்லை முதலில் சோக்குக் கட்டியால் எழுதிக் கடை வாசலில் பலகையைச் சாத்தி வைப்பேன். தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெயின்ற் கலக்குவதுபோல் குந்தியிருப்பேன். யாரிடமும் ஒன்றும் கேட்பதில்லை. எனக்குக் கேட்கவும் வராது. போகிறவர்கள் பலகையை வாசித்துத் தங்களுக்குள் கதைப்பதைக் காதில் வாங்குவேன். உள்ளே என்ன இருக்கப்போகிறதென்று சரியாகச் சொன்னால் பலகையின் பின்பக்கத்தில் நேர்கோடு. வேறொன்றைச் சொன்னால் சாய்கோடு. பக்கத்தில் அவர்கள் சொன்னதைக் குறிப்பேன். பெயர் எழுதுவதில்லை, அவர்கள் தாண்டிப் போனபின் திரும்பிப் பார்த்து, "மீன்கூடை", "பச்சைச் சாரன்" என்று ஓர் அடையாளம் மட்டும். பத்துக் கோட்டில் ஏழு கோடாவது நேராக நின்றால்தான் பிரஷ் எடுப்பேன்.

இரண்டு கதவுப் புடவைக்கடைக்காரர் ஒருவர், ராசா மாளிகைபோல "பலஸ்" என்றுதான் போட வேண்டுமென்று நின்றார். எட்டுச் சாய்கோடு விழுந்தது, சிரித்துக்கொண்டே போனவர்களையும் சேர்த்து. "ஸ்டோர்ஸ்" என்று மாற்றினேன்; ஒன்பது நேர்கோடு. அப்போது எனக்குப் பின்னால் ஒரு சைக்கிள் வந்து நின்றது. ஓய்வுபெற்ற இங்கிலிஷ் சேர். பாதி ஊருக்கு இங்கிலிஷ் படிப்பித்தவர். சைக்கிள் ஹாண்டிலில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை தொங்கும். அதன் பிடி வெடித்து, சிவப்பு நூல் சுற்றியிருக்கும். பலஸ் போனதில் அவருக்கு மகிழ்ச்சி. வந்த சொல்லை வாசித்ததும் அந்த மகிழ்ச்சி போய்விட்டது. "ஸ்டோர்ஸ் எண்டா சாமான் அடைஞ்சு வைக்கிற இடம் தம்பி. புடவை எடுக்க வாற சனத்தை நீங்க களஞ்சியத்துக்குள்ள அனுப்புறீங்க!"

ஒழுகிய உமல்

பொலித்தீன் பைகள் எங்கள் ஊருக்கு வந்த புதிது. அவற்றை மொத்தமாக விற்க ஒருவர் கடை திறந்தார். "சொப்பிங் பேக்" என்று சோக்கால் எழுதி வைத்தேன். எட்டாவது கோட்டில் சேர் வந்து சேர்ந்தார். கடைக்குக் கொண்டுபோகிற எந்தப் பையும் சொப்பிங் பேக்தான், சீலையில் தைத்தாலும் அதுதான், பன்புல்லில் இழைத்தாலும் அதுதான், பொலித்தீனுக்கு மட்டும் அந்தப் பெயரைக் கொடுக்க நீங்கள் யார் என்று கேட்டார். எனக்குக் காது சூடாகியது. குனிந்து பெயின்றைக் கலக்கினேன்.

அந்த நேரம் சந்தையிலிருந்து ஒரு பெண் மீன் வாங்கிக்கொண்டு வந்தாள். கையில் ஓலையில் இழைத்த உமல். சேர் அவளை மறித்து, "இது என்ன புள்ள?" என்றார். "உமல்." "கடைக்குத்தானே கொண்டு போன? அப்ப இதுவும் சொப்பிங் பேக்தானே?" அவள் உமலைத் தூக்கி அவருடைய வெள்ளைச் சேட்டுக்குக் கிட்டப் பிடித்தாள். மீன்தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவர் சப்பாத்தில் விழுந்தது. "சொப்பிங் பேக் எண்டா இப்பிடி ஒழுகுமா சேர்?"

கையெழுத்து வைத்த பெட்டிசம்

புதிய சந்தை வரிசை கட்டி முடிந்தது. பதினெட்டுக் கடைக்கும் ஒரே கையால் பலகை எழுத வேண்டுமென்று சந்தைக் கமிட்டி தீர்மானித்து என்னைக் கூப்பிட்டது. அவ்வளவு பெரிய வேலை எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. அது கிடைத்தால் ரவுணின் பலகைக்காரன் நான். கிடைக்காவிட்டால் அக்கரைப்பற்றிலிருந்து வேறொருவர் வருவார். அவர் எழுத்துப் பதினெட்டு வாசலில் தொங்கும்போது என்னை யார் தேடப்போகிறார்கள்? மறுபடி தோணி இலக்கம்தான். அந்த நேரம் பார்த்துச் சேர் கமிட்டிக்கு ஒரு கடிதம் கொடுத்தார். என் பலகைகளில் முப்பத்தொரு இங்கிலிஷ் சொற்கள் பிழையான கருத்தில் இருக்கின்றன, இவருக்கு இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது என்று. அவர் எழுதிக் கொடுத்த சொற்களை வைத்துக்கொண்டு நானும் ஊரைச் சுற்றி எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்றுதான்.

அன்று பின்னேரமே, சேர் என்மேல் பெட்டிசம் போட்டுவிட்டார் என்று ஊரெல்லாம் கதை. எங்கள் பக்கத்தில் பெட்டிசம் என்றால், பெயர் போடாமல் ஒருவனைக் கவிழ்க்க எழுதும் கடுதாசி. ஒளிக்கத் தெரியாத மனிதரை அந்தச் சொல் சுட்டுவிட்டது. என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். இங்கிலிஷில் அது மரியாதையான சொல், ராசாவுக்குக் கொடுக்கும் விண்ணப்பம், கடிதத்தின் கீழே தன் கையெழுத்தும் விலாசமும் இருக்கின்றன என்றார். பிறகு குடையை வாசல்படியில் ஊன்றினார். கோபம் இறங்கிய குரலில் சொன்னார்: "முப்பத்திரண்டு வருசம் படிப்பிச்சன் தம்பி. ஹோட்டல் எண்டா சாப்பாட்டுக்கடை எண்டு எழுதின பிள்ளைகளுக்குப் புள்ளி வெட்டியிருக்கன். அதையே நீங்க ஓரடி எழுத்தில எழுதித் தொங்கவிட்டா, அந்தப் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்ற?"

ஆறாவது கோடு

கமிட்டி கூடியது. முதலில் எடுத்தது, ஊருக்கே அண்ணனான ஜப்பார் காக்காவின் பலகை. அவர் சவூதியில் மூன்று வருஷம் சமைத்துவிட்டு வந்து சந்தையில் சாப்பாட்டுக்கடை போடுகிறவர். "ஹோட்டல்" தவிர வேறு சொல்லுக்கு இணங்கமாட்டார். சோக்கால் எழுதிய பலகை மூன்று நாள் அவர் வாசலில் நின்று, பத்துக் கோடும் விழுந்திருந்தது. இந்தச் சொல் விழுந்தால் வேலை முழுவதும் விழும் என்று எனக்குத் தெரியும். சேர் எழும்பினார். "ஹோட்டல் எண்டா ஆக்கள் தங்குற இடம். ஜப்பார், உங்கட கடையில எத்தன கட்டில்?" ஜப்பார் காக்கா யோசிக்கவேயில்லை. "கட்டில் இல்ல சேர். ரொட்டிக் கல்லு ஒண்டு இரிக்கி, சுடும், படுக்க ஏலாது." கூட்டம் சிரித்து அடங்கியபின், தலைவர் ஹாஜியார் என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

எழும்பினேன். பத்தொன்பது முகங்கள்.  பலகையைப் பின்பக்கம் தெரியத் திருப்பி வைத்தேன். ஹாஜியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். "ஒண்டு, மீன்கூடை, நேர்கோடு: 'ஜப்பார்ர கையால இறைச்சி ஆணம் நல்லா இரிக்கும்.' ரெண்டு, பச்சைச் சாரன், நேர்கோடு." மூன்றாவதும் நேர்கோடு. நாலாவது சாய்கோடு: கோமாரிப் பக்கத்து ஆள், "ராவைக்குப் படுக்கலாமா?" என்று கேட்டிருந்தார். "பாத்தீங்களா!" என்று சேர் கையைத் தட்டினார். ஐந்தாவது நேர்கோடு. ஆறாவதில் ஹாஜியார் நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். "ஆறு. சிவப்பு நூல் சுற்றின குடை. நேர்கோடு. 'ஜப்பார் ஹோட்டல் எப்ப திறக்கிறானாம்? சுடச்சுட நல்ல வாய்ப்பன் திண்டு எத்தன நாள்!'"

இரண்டு நாள் முன்பு ஒரு சிநேகிதரோடு கதைத்துக்கொண்டு அந்த வாசலால் போனவர் யாரென்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் பெயர் எழுதுவதில்லை என்பது என் முறை. கமிட்டி முழுவதும் சேர் இருந்த கதிரையில் சாத்தியிருந்த குடையைப் பார்த்தது. மிச்ச நாலும் நேர்கோடு. ஜப்பார் காக்கா வாயைத் திறக்கப் போக, ஹாஜியார் கையமர்த்தினார். சேர் எழும்பி வந்தார். குடை நுனியால் ஒவ்வொரு கோடாகத் தொட்டு, பத்தையும் தானே எண்ணினார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஆறாவது ஆள் நான்தான். இங்கிலிஷ் பிழை, கணக்குச் சரி. பதினெட்டையும் அவருக்கே குடுங்க."

சேர் வீட்டுக் கேற்

பதினெட்டும் எழுதி முடித்த வருஷம், சேர் வீட்டில் பிள்ளைகளுக்கு வகுப்புத் தொடங்கினார். "இங்கிலிஷ் அக்கடமி" என்று பலகை வேண்டும் என்றார். சோக்கால் எழுதிச் சாத்துங்கள், எனக்கும் அதே முறைதான் என்று அவரே சொன்னார். அவர் வீட்டு வாசல் கேற்றடியில் இருவரும் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தோம். "அக்கடமியா? என்ன விக்கிறாங்களாம்?" என்று முதல் ஆள் கேட்டுக்கொண்டு போனார். சேர் என் கையிலிருந்து சோக்கை வாங்கிச் சாய்கோட்டைத் தானே கீறினார். ஏழு சாய்கோடு வரும்வரை சோக்கைத் திருப்பித் தரவில்லை.

ஏழாவது, மருதமுனைப் பெண் ஒருத்தி. "ரியூசன் எண்டு போட்டா விளங்கும்தானே?" என்று கூட வந்தவளிடம் சொன்னாள். ரியூசன் என்பது படிப்பிக்கும் வேலை, அது ஓர் இடத்துக்குப் பெயரல்ல என்று சேர் என்னிடம் முணுமுணுத்தார், அவளிடம் சொல்லவில்லை. சால்வை நுனியால் பலகையைத் துடைத்தார். "சரி, ரியூசன் எண்டே எழுதுங்க தம்பி. எழுத்து மட்டும் ஆறங்குலத்துக்கு மேல போகப்படாது."

நான் எழுதிய நானூற்றுப் பன்னிரண்டு பலகைகளில், பிழை சொல்ல இதுவரை ஒருவரும் சைக்கிளை நிறுத்தாதது அந்த ஆறங்குலப் பலகை ஒன்றுக்கு முன்னால்தான்.