பக்கக் கதவுக்கு வந்த செருப்புகள்

அறுபதுகளின் நடுவில் பம்பாய் மாதுங்காவில் ஒரு முனிசிபாலிட்டி ஹாலுக்கு நான் பொறுப்பு கிளார்க். சாவிக்கொத்து, புக்கிங் ரிஜிஸ்டர், கூட்டத்தில் யாருக்காவது ஏதாவது ஆனால் மாட்டிக்கொள்கிற கழுத்து எல்லாம் என்னுடையவை. ஆனால் ஹாலுக்கு வருகிறவர்கள் தேடுவது வாட்ச்மேனைத்தான்.

அவன் தாராவியிலிருந்து நடந்தே வருவான். திருநெல்வேலிக்காரன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. "நீங்க தொட்டாத்தான் இந்த ஃபேன் சுத்தறது" என்று மாமிகள் அவனிடம் சிரிப்பார்கள். என்னிடம் யாரும் சிரித்ததில்லை, ரசீது கேட்டிருக்கிறார்கள். வயிறு எரியும். ஒருநாள் கண்ணாடி முன் நின்று அவனைப் போலச் சிரித்துப் பழகினேன். "பல்வலியா?" என்றாள் மனைவி.

பக்கக் கதவில் நின்று அவன் எல்லோருக்கும் வணக்கம் சொல்வது பொறுக்காமல் அந்தக் கதவைப் பூட்டினேன். ரிஜிஸ்டரில் 'பாதுகாப்பு கருதி' என்று எழுதினேன்.

ஒரு மழைக்கால ஞாயிறு காலை, நிச்சயதார்த்தம். உள்ளே முந்நூறு பேர். முன்வாசல் படியில் அத்தனை பேரின் செருப்பும். திடீரென்று ஸ்விட்ச் போர்டிலிருந்து புகை கிளம்பியது. வாட்ச்மேன் ஓடிப்போய் மெயினை அணைத்தான். நான் நாற்காலிமேல் ஏறி, "யாரும் பயப்படாதீங்கோ!" என்று அலறினேன். அந்த அலறலைக் கேட்டுத்தான் பாதிப் பேர் பயந்தார்கள்.

சாவிக்கொத்தோடு பக்கக் கதவுக்கு ஓடினேன். ஒன்பதாவது சாவிக்குத்தான் அது திறந்தது. ஒருவரும் வரவில்லை. எல்லோரும் முன்வாசலில் குனிந்து செருப்புத் தேட, பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் சாய்ந்தார்கள். நடுவில் ஒரு கர்ப்பிணிப் பெண் சுவரோடு நசுங்கிக்கொண்டிருந்தாள்.

"செருப்பை விட்டுட்டு வாங்கோ!" என்று கத்தினேன்.

"புதுசு ஸார், போன வாரம்தான் வாங்கினது!"

வாட்ச்மேன் என் பக்கம் திரும்பினான். "செருப்ப வுட்டுட்டு ஒருத்தரும் வரமாட்டாவ, சார். செருப்பு இங்க வந்தா அவியளும் வருவாவ."

ஒரு ஜமக்காளத்தை இழுத்துக்கொண்டு பக்கக் கதவு வழியாக வெளியே ஓடினான். ஹாலைச் சுற்றி முன்வாசலுக்குப் போய்ப் படியிலிருந்த குவியலை அதில் வாரினான். மழையில் இழுத்து வந்து பக்கக் கதவடியில் கொட்டினான். "செருப்பெல்லாம் இங்கன கெடக்கு! சப்பல் இதர்!"

கூட்டம் அப்படியே திரும்பியது. ஐந்து நிமிடத்தில் ஹால் காலி. கர்ப்பிணிப் பெண் தானே நடந்து வெளியே வந்தாள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவசரத்தில் செருப்புகள்தான் ஜோடி மாறிப் போயின.

மறுநாள் வார்டு ஆபீஸ் அறிக்கை கேட்டது. நடந்ததை அப்படியே எழுதினால் பாராட்டு அவனுக்குப் போய்விடும். 'என் உத்தரவின்பேரில் வாட்ச்மேன் காலணிகளை அகற்றினார்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அந்த வாரமே மெமோ வந்தது. பொதுமக்களின் உடைமையை அகற்ற உத்தரவிட்டவர் என்ற முறையில், காணாமற்போன காலணிகளுக்கு நானே பொறுப்பாம். உத்தரவு என்னுடையதல்ல என்று ஒரு வரி எழுதியிருந்தால் தப்பித்திருக்கலாம். எழுத மனம் வரவில்லை. மெமோ போனால் போகட்டும், பெயர் அவனுக்குப் போகக்கூடாது.

இரண்டு வாரம் ஹால் முற்றத்தில் ஒற்றைச் செருப்புகளுக்கு ஜோடி தேடினேன். ஒரு மாமி வந்து நின்றாள். "உங்க உத்தரவாமே? என் இடதுகால் செருப்பு எங்கே?"

மழை வலுத்தது. மண்டியிட்டுத் தேடிய என் தலைக்குமேல் வாட்ச்மேன் குடை பிடித்தான். மாமி அவனைப் பார்த்துச் சிரித்தாள்.